ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

வீட்டுக்கு டெஸ்க்டாப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, ‘ஐ7 இருக்கா?’ என்றுதான். 2013இல் வந்த நான்காம் தலைமுறை ஐ7 பொருத்திய பழைய பெட்டியையும் துடைத்துப் பளபளப்பாக்கி விற்கிறார்கள். அதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. கரண்ட் பில் கட்டவும், பிள்ளைகள் படிக்கவும், படம் பார்க்கவும் புதிய தலைமுறை ஐ3 தாராளம். மிச்சமாகும் பணத்தில் 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி கேளுங்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொல்லி, கூடுதல் ரேமுக்குக் காலி ஸ்லாட் உண்டா, எஸ்எம்பிஎஸ் பொது அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனிக்கே உரிய தனி அளவென்றால், அது பழுதாகும்போது மாற்றுக்கு அலைய வேண்டியிருக்கும். வீட்டுக்கே வந்து சரிசெய்யும் மூன்று வருட வாரண்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், தப்பில்லை.