கைதட்டினோம், கல்லும் எறிந்தோம்: கொரோனா காலத்தில் டாக்டர்கள் மனசுக்கு என்ன ஆச்சு?

2020 மார்ச் 22, மாலை 5 மணி. நாடே வாசலில் நின்று டாக்டர்களுக்காகக் கைதட்டியது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 19 இரவு, கொரோனாவால் இறந்த சென்னை நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தடுத்தது. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குக் காயம். கடைசியில் சக மருத்துவர் ஒருவரே நள்ளிரவில் மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். கணவரின் உடலைக் கீழ்ப்பாக்கத்துக்கு மாற்றக் கேட்டு, மனைவி நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

ஏப்ரல் 22-ல் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் 5 ஆண்டு வரை, படுகாயம் என்றால் 7 ஆண்டு வரை சிறை. சரி, அடிப்பதைச் சட்டம் தடுக்கும். 'நாளைக்கு நமக்கும் இதே கதிதானா?' என்று வார்டில் நின்ற டாக்டரின் மனசில் விழுந்த கேள்வியை எந்தச் சட்டம் எடுக்கும்?

வெறும் அசதி இல்லை

சென்னை வெயிலில் பிபிஇ கிட் போட்டால் பல மணி நேரம் தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறை போக முடியாது. டூட்டி முடிந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது, தனி அறைதான். இதெல்லாம் உடம்புக்கு. தூங்கினால் ஓரளவு சரியாகும்.

தூங்கினாலும் சரியாகாத ஒன்று இருக்கிறது. 2021 மே மாதம் ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றது நினைவிருக்கும். உள்ளே படுக்கை ஒன்று காலியானால் வெளியே காத்திருப்பவர்களில் யாருக்கு? முடிவு எடுத்தவர் டாக்டர். பிழைக்க வைத்திருக்கலாம் என்று தெரிந்தே ஒருவரை இழப்பது, மனசாட்சியில் விழுகிற காயம். 'மாரல் இஞ்சுரி' என்கிறார்கள். அந்த இரண்டாம் அலையில் மட்டும் 700-க்கும் மேற்பட்ட டாக்டர்கள் இறந்ததாக இந்திய மருத்துவ சங்கம் சொன்னது. கூட வேலை பார்த்தவரையே இழந்துவிட்டு மறுநாள் டூட்டிக்கு வந்தவர்கள் எத்தனை பேரோ!

அப்போ ஏன் உதவி கேட்கவில்லை?

நியூயார்க்கில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைமை வகித்த டாக்டர் லோர்னா பிரீன், வயது 49. அவருக்கே கொரோனா வந்தது. தேறியதும் வேலைக்குத் திரும்பினார், மனசு உடைந்தது, சிகிச்சையும் எடுத்தார். ஆனால் 'இது வெளியே தெரிஞ்சா லைசென்ஸ் போயிடுமோ' என்று பயந்ததாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். 2020 ஏப்ரல் 26-ல் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்தப் பயம் கற்பனை இல்லை. அமெரிக்காவில் பல மாகாணங்களின் லைசென்ஸ் படிவத்திலேயே 'மனநலச் சிகிச்சை எடுத்ததுண்டா?' என்ற மாதிரி கேள்வி இருந்தது. அவர் பெயரிலேயே 2022 மார்ச்சில் ஒரு சட்டம் வந்தது. மருத்துவப் பணியாளர்களின் மனநலத் திட்டங்களுக்கு அது நிதி தருகிறது. பல மாகாணங்கள் அந்தக் கேள்வியையும் திருத்தின.

நம்ம ஊரில் படிவத்தைவிடப் பேச்சுதான் பயம். வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே மனநல ஓபி-யில் ஒரு டாக்டர் டோக்கன் வாங்கி உட்கார முடியுமா? சாயங்காலத்துக்குள் கேன்டீன் வரை தெரிந்துவிடும். கொரோனா வார்டுகளை மூடிவிட்டார்கள், இந்தத் தயக்கம் மட்டும் இன்னும் டூட்டியில் இருக்கிறது.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் 14416 அல்லது 104 எண்ணை அழைத்துப் பேசலாம். டாக்டர்களும்தான்.)