தாராவிக்குச் சேர வேண்டிய பங்கு

நாம் வாங்கும் ஷாம்பு புட்டியும் எண்ணெய் கேனும் காலியான பிறகு எத்தனை டன் மறுசுழற்சி ஆயின என்பதைப் பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் பெருமையோடு சொல்கின்றன. யார் கையால் ஆயின என்று அவை பெரும்பாலும் சொல்வதில்லை. மும்பையின் பங்காரில், அதாவது பழைய சாமான்களில், கணிசமான பகுதி போய்ச் சேருமிடம், மாட்டுங்காவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மாஹிம் பக்கமாக இருக்கும் தாராவியின் 13ஆம் காம்பவுண்டு. பிளாஸ்டிக்குக்குப் பொறுப்பேற்பதாகச் சொல்லும் நிறுவனங்கள், அதற்காகச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை அங்கே உழைப்பவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும்.

அந்த வேலையைக் கிட்ட நின்று பார்த்தவர்கள் அதைச் சாதாரணமாக எண்ண மாட்டார்கள். மூட்டையைத் தரையில் கொட்டி, வட்டமாக உட்கார்ந்து பெண்கள் பிரிக்கிறார்கள். மூடி தனி, புட்டி தனி, வெள்ளை தனி, கறுப்பு தனி. சந்தேகமான துண்டை விரலால் தட்டி ஓசை கேட்கிறார்கள். அப்போதும் பிடிபடாவிட்டால் ஓரத்தைக் கொளுத்தி, புகையின் வாடையை வைத்து எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு கட்டர் எந்திரத்தில் அரைபட்டு, கழுவி, தகரக் கூரை மேல் உலர்ந்து, உருக்கி, நூலாக இழுத்து, நறுக்கினால் ‘தானா’ என்னும் மணிகள் தயார். வகை மாறி ஒரு பிடி கலந்தாலும் அந்தச் சரக்கு தரம் கெட்டுவிடும். இவ்வளவு நுட்பமான வேலைக்கு நாட்கூலிதான் கிடைக்கிறது. கையுறையும் முகக்கவசமும் பல இடங்களில் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த நெறிமுறைகளின்படி, பிளாஸ்டிக் பொட்டலத்தில் பொருள் விற்கும் நிறுவனமே அந்தப் பிளாஸ்டிக்கைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். நிறுவனங்கள் பதிவு பெற்ற ஆலைகளிடம் சான்றிதழ் வாங்கி இந்தக் கடமையை முடித்துக்கொள்கின்றன. தாராவியின் சின்னப் பட்டறைகளில் பெரும்பாலானவற்றுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இல்லை. அனுமதி இல்லாமல் பதிவு இல்லை. பதிவு இல்லாமல் சான்றிதழ் கொடுக்க முடியாது. பிரித்துக் கழுவிய சரக்கை விலைக்கு வாங்கும் பெரிய ஆலைக்கே சான்றிதழும் அதன் காசும் போகின்றன. அந்தச் சான்றிதழாவது நம்பகமானதா? வழங்கப்பட்டவற்றில் சுமார் 6 லட்சம் போலி என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2023இல் கண்டறிந்தது. உண்மையாகப் பிரித்தவருக்கு ஒன்றும் இல்லை, பிரிக்காதவருக்குக் காசு. இந்த ஏற்பாட்டைப் பொறுப்பு என்று ஒப்புக்கொள்ள முடியாது.

ஆண்டறிக்கைகளிலும் இதே நிலைதான். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் தலைமையகம் தாராவியிலிருந்து மித்தி ஆற்றுக்கு அக்கரையில், பாந்த்ரா குர்லா வளாகத்தில் இருக்கிறது. சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று 2022-23 முதல் கட்டாயமாக்கியது செபிதான். அதை வரவேற்கிறோம். ஆனால் நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்களைப் பற்றிச் சொல்லும் பகுதியில், கொள்முதலிலோ விற்பனையிலோ 2 விழுக்காடாவது தனியாக வகிப்பவர்களைச் சொன்னால் போதும் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதையும் இப்போதைக்கு விருப்பம்போல் என்று தளர்த்தியிருக்கிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் இயங்கும் ஒரு பட்டறை எந்தக் காலத்திலும் எந்த நிறுவனத்தின் கொள்முதலிலும் 2 விழுக்காடு ஆகப்போவதில்லை.

தாராவிப் பட்டறைகள் புகை கக்குகின்றன, கழிவுநீரைச் சாக்கடையில் விடுகின்றன, அங்கே பாதுகாப்பு இல்லை என்று சொல்லி இதை எதிர்ப்பவர்கள் உண்டு. அத்தனையும் உண்மை. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அங்கே வேலை செய்பவர்களே என்பதும் உண்மை. அதற்குத் தீர்வு பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பும், புகை உறிஞ்சும் கருவியும், பட்டறைகளைக் கூட்டாகப் பதிவு செய்ய வழியும்தான். தாராவி மறுசீரமைப்புத் திட்டம் போகும் திசையோ வேறு. அதானி குழுமத்துக்கு 80 விழுக்காடும் மகாராஷ்டிர அரசுக்கு 20 விழுக்காடும் பங்குள்ள நிறுவனம் அதை நடத்துகிறது. திட்டத்தின் விதிப்படி தகுதி பெற்ற கடைக்கும் பட்டறைக்கும் இலவசமாக 225 சதுர அடி. மாசுபடுத்தும் தொழிலுக்கு உள்ளே இடமில்லை. 225 சதுர அடியில் மூட்டையை அடுக்கலாம். பிரிக்கவோ கழுவவோ உலர்த்தவோ முடியாது. தகுதி பெறாதவர்களைக் குடியமர்த்த 2024இல் ஒதுக்கிய இடங்களில் ஒன்று தேவ்நார் குப்பைக் கிடங்கின் 124 ஏக்கர். நகரத்தின் குப்பையைக் குறைத்தவர்களுக்கு இதுதானா கைம்மாறு?

தாராவித் தமிழர்களுக்கு இது பழக்கப்பட்ட வலி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் அங்கே உழைத்து வளர்த்தது தோல் பதனிடும் தொழில். 1971இல் பாந்த்ராவின் இறைச்சிக்கூடம் தேவ்நாருக்குப் போனது. பதனிடும் பட்டறைகளும் ஒவ்வொன்றாகப் போயின; பை, பெல்ட் தைக்கும் வேலைதான் மிஞ்சியது. பிளாஸ்டிக் தொழிலுக்கும் அந்தக் கதி நேரக் கூடாது.

மாட்டுங்காவுக்கு இதில் தனிக் கடமை உண்டு. 1933இல் தொடங்கிய வேதித் தொழில்நுட்பக் கழகம் இங்கே இருக்கிறது. 1887 முதல் இயங்கும் விஜேடிஐ பொறியியல் கல்லூரி இருக்கிறது. பாலிமர் பற்றி நாட்டுக்கே சொல்லிக் கொடுக்கும் அறிவு இந்த ஒரு வட்டாரத்தில் குவிந்திருக்கிறது. சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படியாகும் ஒரு கழுவு தொட்டி, கழுவிய நீரை வடிகட்டி மறுபடி பயன்படுத்தும் ஓர் அமைப்பு, உருக்கும் எந்திரத்தின் புகையைப் பிடிக்கும் ஒரு கூண்டு: ஒரு மாணவர் குழு ஓராண்டுத் திட்டப்பணியாக எடுத்துக்கொள்ளக்கூடிய வேலைகள்தாம் இவை. லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட நிறுவனச் சட்டம் பெரிய நிறுவனங்களைக் கட்டாயப்படுத்திப் பத்தாண்டு தாண்டிவிட்டது. அந்தப் பணம் இதற்கு வரட்டும். புதுமை விருதுகளுக்கு மேடை போடும் கல்லூரிகள் முதல் விருதை 13ஆம் காம்பவுண்டில் ஓடிக் காட்டும் கருவிக்குக் கொடுக்கட்டும்.

முடியாத காரியம் எதையும் நாம் கேட்கவில்லை. புனேயில் குப்பை சேகரிக்கும் பெண்களின் ‘ஸ்வச்’ கூட்டுறவோடு மாநகராட்சி 2008இல் ஒப்பந்தம் போட்டது. அவர்கள் இன்று அடையாள அட்டையோடு வீடு வீடாகப் போய் வேலை செய்கிறார்கள். செம்பூரிலும் ஸ்த்ரீ முக்தி சங்கட்டனா குப்பை சேகரிக்கும் பெண்களை அமைப்பாகத் திரட்டிக் காட்டியிருக்கிறது. 2024இல் மத்திய அரசின் ‘நமஸ்தே’ திட்டத்திலும் குப்பை பொறுக்குவோர் சேர்க்கப்பட்டார்கள். ஒவ்வொரு சான்றிதழின் விலையிலும் ஒரு பங்கு, முதலில் பிரித்தவரின் கைக்குச் சேர வேண்டும் என்று விதியைத் திருத்த வேண்டும். மறுசீரமைப்பு வரைபடத்தில் மறுசுழற்சிக்கென்று தனி வளாகம் தாராவிக்குள்ளேயே வேண்டும்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இந்த நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் உண்டு. இந்த ஆண்டு அறிக்கை வரும்போது ஈவுத்தொகைப் பக்கத்தோடு நிறுத்தாமல், “நம் பிளாஸ்டிக்கைப் பிரித்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள்?” என்று எழுத்து மூலம் கேளுங்கள்.