காசின்மேல் விழுந்த வடு

உரோம நாணயமென்றால், மன்னன் முகம் தெளிவாயும் எழுத்துத் தேயாதும் இருப்பதே சிறந்ததென்று காசு திரட்டுவோர் மதிப்பிடுவர். நாம் அதற்கு உடன்படோம். அக்கசாலையை விட்டு வெளிவந்தபின் பிறர் அதன்மேற் குத்திய முத்திரையும் வெட்டிய வெட்டுமே முதலில் நோக்கத்தக்கன. முகம் அரசன் கதையைக் கூறும்; வடு, அதனைக் கையிற் கொண்டவன் கதையைக் கூறும்.

இவ்வழக்கம் உரோமரிடையேயே இருந்தது. கி.பி. 9இல் செருமானியக் காட்டில் மூன்று படைப்பிரிவுகளோடு மாண்ட வாருசு என்னும் தளபதியின் பெயரெழுத்துக்கள் குத்திய செப்புக்காசுகள் கிடைத்துள்ளன. வெசுப்பாசியன் காலத்திற் பழைய வெள்ளிக்காசுகளில் அவன் பெயரைக் குத்தினர். இவை, ‘இது செல்லும்’ என்று சொல்லும் முத்திரைகள்.

தமிழகத்து வெட்டோ வேறு வகையது. 1898இல் புதுக்கோட்டைச் சீமையிற் புதையலாய் அகப்பட்ட 501 பொற்காசுகளிற் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைக்குக் குறுக்கே உளி பாய்ந்திருக்கிறது. முலாம் பூசியதோ என்று சோதித்தனர் என்பர் சிலர். இனி இது காசன்று, நிறுத்துக் கொள்ளும் பொன்னே என்பதற்கு அடையாளம் என்பர் வேறு சிலர். எமக்குப் பின்னதே பொருத்தமாய்ப் படுகின்றது. சோதனைக்கு விளிம்பு போதுமே. முகத்தைத் தேடி வெட்டுவானேன்? மிளகு விற்ற நாட்டார் பொன்னை ஏற்றனர். அதன்மேலிருந்த அரசனை ஏற்றிலர். கிளாடியசு காலத்து இலங்கை மன்னனும், உரோமக் காசுகளில் முகங்கள் வேறாயிருந்தும் எடை ஒத்திருந்தமையையே வியந்தான் எனப் பிளினி எழுதினார். நாணயம் என்ற சொல்லுக்கு நேர்மை என்னும் பொருளும் நம் மொழியில் உண்டன்றோ!

தலவாக்கலையில் இருந்துகொண்டு உரோமபுரியைப் பற்றி எழுதுவானேன் என்று பழைய மாணவர் கேட்கலாம். வகுப்பில் இவ்வெட்டைப் பற்றிப் பேசிய மறுநாள், தோட்டத்துப் பையனொருவன் துருவேறிய தகர வில்லையொன்றைக் கொணர்ந்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஆள் கட்டி வந்தபோது, தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த இத்தகைய வில்லைகளை அவரவர் கழுத்திற் கட்டி அனுப்பினர். பயணச்செலவு எத்தோட்டத்துக் கணக்கில் ஏறவேண்டும் என்பதை அதுவே காட்டிற்று. அச்செலவு ஆளின் கடனாயிற்று. கடன் இவ்வளவென்று எழுதிய ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டம் புகமுடியாத நிலை, 1921இல் அம்முறை ஒழியும்வரை நீடித்தது. காசின் முகத்தை வெட்டினால் பொன் குறைவதில்லை. காசுக்கு நோவும் இல்லை. கழுத்தில் எண்ணைக் கட்டியவிடத்து ஆளின் பெயரல்லவா மறைந்தது!

எண் தெளிவாகத் தெரியட்டுமென்று, சாம்பலிட்டுத் துலக்கி வருமாறு பையனிடம் சொன்னோம். பிழை எம்முடையதே. அப்பாயி தேய்க்கவிடவில்லை என்று அவன் அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான். அது அவருடைய தகப்பனார் கட்டிவந்ததாம்.

பழைய இரும்பு வாங்குவோர் தராசில் இத்தகைய வில்லைகள் எத்தனை போயினவோ! நம் சரித்திரப் பாடங்களில் உரோமக் காசுக்கு இடமுண்டு, இவற்றிற்கு இல்லை. இவ்விழா ஆண்டிலேனும் கல்லூரியில் ஒரு கண்ணாடி அலுமாரி ஒதுக்கப்படல் வேண்டும். வீட்டுப் பெட்டியடியில் வில்லையோ துண்டோ வைத்திருக்கும் பழைய மாணவர் அதனைத் துலக்காது தரவேண்டும். கட்டி வந்தவர் பெயர் தெரியுமாயின், எண்ணுக்கு மேலே அப்பெயரை எழுதி வைப்போம். முதல் வில்லைக்கு அப்பாயி இன்னும் இசையவில்லை. மறுபடியும் கேட்டுப் பார்க்குமாறு பையனிடம் சொல்லியிருக்கிறோம்.