ஸ்குரூ உடையவில்லை, மரைதான் போனது

புது மானிட்டர் வாங்கும்போது எத்தனை இஞ்ச், என்ன ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ் என்று கடைக்காரரைத் துளைத்து எடுக்கிறோம். அந்த மானிட்டரைத் தாங்கப்போகும் நான்கு ஸ்குரூக்களைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. பட்ட பிறகுதான் புத்தி வந்தது.

என் மகளின் படிப்பு மேசைக்கு மேலே 22 இஞ்ச் மானிட்டர் ஒன்றைச் சுவர் ஸ்டாண்டில் மாட்டியிருந்தேன். முன்னும் பின்னும் இழுத்துக்கொள்ளக்கூடிய கை வைத்த ஸ்டாண்டு அது. பெட்டியில் இருக்க வேண்டிய ஸ்குரூ பாக்கெட்டைக் காணவில்லை. மாட்ட வந்த இளைஞர் தன் பையிலிருந்து நான்கு ஸ்குரூக்களை எடுத்து, முடிந்தவரை முடுக்கிவிட்டு, "நல்லா டைட்டா இருக்கு சார்" என்றார். நானும் தலையாட்டினேன்.

எட்டு மாதம் ஓடியது. ஒரு நாள் மாலை அறையில் தடால் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மானிட்டர் மேசைமேல் குப்புறக் கிடக்கிறது. திரை நொறுங்கிவிட்டது. ஆனால் என் கண் போனது காலி நாற்காலியின் மேல்தான். தண்ணீர் குடிக்க மகள் எழுந்துபோய் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

கடைக்காரர் கேட்ட கேள்வி

மலிவான ஸ்குரூ, அதனால்தான் தாங்கவில்லை என்று முடிவு கட்டினேன். கீழே கிடந்த நான்கையும் பொறுக்கிக்கொண்டு நட்டு, போல்ட் விற்கும் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். "இருப்பதிலேயே பலமான ஸ்குரூ கொடுங்கள்" என்றேன். கடையில் இருந்த பெரியவர் பழைய ஸ்குரூ ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது எங்கே உடைஞ்சிருக்கு?"

அப்போதுதான் கவனித்தேன். ஒன்றுகூட உடையவில்லை, வளையவும் இல்லை. மரைகளுக்கு நடுவே மெல்லிய உலோகச் சுருள்கள் ஒட்டியிருந்தன.

"மானிட்டர்ல இருக்கிற மரைதான் உரிஞ்சு வந்திருக்கு. இதைவிடப் பலமானது போட்டாலும் இதேதான் நடக்கும்" என்றார்.

எண்கள் என்ன சொல்கின்றன?

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எஃகு ஸ்குரூக்களின் பலத்தை 4.8, 8.8, 10.9, 12.9 என்று வகைப்படுத்துகிறார்கள். முதல் எண்ணை 100ஆல் பெருக்கினால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுவிசையில் அது அறும் என்பது கிடைக்கும். 8.8 என்றால் 800. புள்ளிக்குப் பின்னால் உள்ள எண், அதில் எத்தனை பங்கு வரை இழுத்தால் ஸ்குரூ நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதைச் சொல்லும். 800இல் 80 சதவீதம், அதாவது 640.

மானிட்டரின் பின்னால் போடுவது பெரும்பாலும் எம்4 ஸ்குரூ. 4 மி.மீ. விட்டம். மரையைக் கழித்துப் பார்த்தால் அதில் இழுவிசையைத் தாங்கும் பரப்பு சுமார் 8.78 சதுர மி.மீ. சாதாரண 4.8 வகையாக இருந்தாலும் நேராக இழுத்தால் சுமார் 3,500 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 350 கிலோ எடையைத் தாங்கும். என் மானிட்டரின் எடை நான்கு கிலோ. கை வைத்த ஸ்டாண்டில் நெம்புகோல் போல விசை கூடும் என்பது உண்மைதான். அப்படியும் நான்கு ஸ்குரூக்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

அப்படியானால் எங்கே கோட்டை விட்டோம்? நீளத்தில். போட்டிருந்த ஸ்குரூவின் நீளம் 6 மி.மீ. அதில் ஸ்டாண்டின் தகடு 2.5 மி.மீ., வாஷர் 1 மி.மீ. போய்விட்டது. மானிட்டருக்குள் இறங்கியது வெறும் 2.5 மி.மீ. எம்4 ஸ்குரூவில் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.7 மி.மீ. ஆக, மூன்றரைச் சுற்று மரை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தது. அதையும் பலம்கொண்ட மட்டும் முடுக்கியதில் மரை அன்றைக்கே பாதி உரிந்திருக்க வேண்டும். தினமும் ஸ்டாண்டை இழுத்து இழுத்து மீதியை நாங்கள் முடித்துவைத்தோம். மானிட்டரின் கையேட்டில் போட்டிருந்த 10 மி.மீ. ஸ்குரூவைப் போட்டிருந்தால் ஒன்பது சுற்று பிடித்திருக்கும்.

எஃகில் மரை போட்டிருந்தால் குறைந்தது ஸ்குரூவின் விட்டம் அளவுக்கு உள்ளே இறங்க வேண்டும். அலுமினியத்தில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வேண்டும். அதற்காக நீளமானதைத் திணிக்கவும் கூடாது. துளையின் அடியில் முட்டி நின்றுவிட்டால் கைக்கு டைட்டாகத் தெரியும், தகடோ ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் போர்டையும் பதம் பார்த்துவிடும்.

கேபினட்டுக்குள்ளும் இதே கதைதான்

கேபினட்டைத் திறந்தால் ஒன்றுபோலவே தெரியும் இரண்டு வகை ஸ்குரூக்கள் இருக்கும். ஒன்று 6-32. சுமார் 3.5 மி.மீ. விட்டம், இஞ்சுக்கு 32 சுற்று. இன்னொன்று எம்3. 3 மி.மீ. விட்டம், இஞ்சுக்கு ஏறக்குறைய 51 சுற்று. 3.5 இஞ்ச் ஹார்ட் டிஸ்க்குக்கும் பவர் சப்ளைக்கும் முதல் வகை. டிவிடி டிரைவுக்கும் 2.5 இஞ்ச் எஸ்.எஸ்.டி.க்கும் இரண்டாவது வகை.

ஹார்ட் டிஸ்க்கில் எம்3 போட்டால் உள்ளே போகும், பிடிக்காது. எஸ்.எஸ்.டி.யில் 6-32ஐ வலுக்கட்டாயமாகத் திருகினால் மரை போய்விடும். உரிந்த உலோகத் தூள் மதர் போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகவும் வாய்ப்பு உண்டு. சரியான ஸ்குரூ முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு விரலாலேயே போகும். போகவில்லை என்றால் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்காதீர்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் பலமானது என்று நினைக்கிறோம். பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 வகையின் இழுவிசை 700. 8.8 வகையின் 800ஐவிட அது குறைவு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் பெருமை துருவை எதிர்ப்பதில்தான். கடலோர ஊர்க்காரர்கள் தாராளமாக வாங்கலாம், பலத்துக்காக வாங்க வேண்டாம். வகை எண்ணைத் தலையில் பொறிக்க வேண்டும் என்ற விதி, அறுகோணத் தலை, ஆலன் ஸ்குரூ போன்றவற்றில் எம்5 அளவிலிருந்துதான் தொடங்குகிறது. சிறியவற்றைக் கடையில் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இவ்வளவு பார்க்க வேண்டுமா?

"பத்து வருஷமாகக் கிடைத்த ஸ்குரூவைத்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆடாமல் அசையாமல் மேசைக்கடியில் நிற்கும் கேபினட்டில் ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் எடை தொங்கும் இடத்திலும், தினமும் அசையும் இடத்திலும், கீழே ஆள் உட்காரும் இடத்திலும் அந்தத் தைரியம் ஆகாது.

ஸ்டாண்டு தயாரிப்பவர்கள் ஸ்குரூவின் விட்டத்தையும் நீளத்தையும் பெட்டியின்மேல் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? மாட்ட வருகிறவர் பையில் நான்கு நீளங்களில் ஸ்குரூ வைத்திருந்தால் என்ன செலவாகிவிடும்? இதை அவர்களாகச் செய்யப் போவதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். ஸ்டாண்டு மாட்ட ஆள் வந்தால், முடுக்குவதற்கு முன் "எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போகும்?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் கையேட்டைப் பிரித்துக் காட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே ஸ்குரூக்களைத் தொட்டுப் பாருங்கள்.

இப்போது மகளின் மேசைக்கு மேலே புது மானிட்டர் இருக்கிறது. அதைத் தாங்குவது 12.9 அல்ல. பெரியவர் கொடுத்த சாதாரண எம்4, 10 மி.மீ. ஸ்குரூக்கள் நான்குதான். நான்குக்கும் சேர்த்து ஒரு டீக்கான காசுகூட ஆகவில்லை.