குடியுரிமை கடைச் சரக்கா?

ஒரு நாட்டில் பல்லாண்டு உழைத்தவன், அந்த நாட்டுக் குடிமகன் என்று பெயர் பதிந்துகொள்ள என்ன விலை கொடுக்க வேண்டும்?

பிரிட்டிஷ் சர்க்கார் 2025-ல் இதற்கு எழுதி வைத்த விடை: 1,735 பவுண்டு! அந்த ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி அமலுக்கு வந்த கட்டணப் பட்டியல் கூறிய தொகை இது. மனுவுக்கு 1,605, விசுவாசப் பிரமாணம் எடுக்கும் சடங்குக்கு 130. 2018-ல் இதே காரியத்துக்கு 1,330 பவுண்டு வாங்கினார்கள். 2023 அக்டோபரில் 1,580 ஆயிற்று. 2024-ல் 1,630. அடுத்த ஆண்டே 1,735. சந்தையில் சரக்கு விலை ஏறுவது போல ஏறிக்கொண்டே போகிறது குடியுரிமையின் விலை!

கடல் கடந்த நாட்டின் கட்டணக் கணக்கு நமக்கு எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும், டூட்டிங்கிலும், ஹாரோவிலும் நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். ஈழத்தில் எரிந்த வீட்டை விட்டு உயிரை மட்டும் காப்பாற்றிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் டாக்டர் உண்டு, இஞ்சினீயர் உண்டு. அவர்களுக்கு இந்தத் தொகை ஒரு சுமை, அவ்வளவுதான். ஆனால் இரவெல்லாம் பெட்ரோல் நிலையத்தில் நிற்பவர், விடியுமுன் அலுவலகங்களைக் கூட்டித் துடைப்பவர், ஓட்டல் சமையற்கட்டில் பாத்திரம் கழுவுபவர் ஆகியோருக்கு இது சுமையல்ல, மதில். நாம் பேசுவது அவர்களுக்காக.

கூலிக்காரன் கணக்கில் இதைப் பார்ப்போம். 2025 ஏப்ரலில் அங்கே சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். அந்தக் கூலி வாங்குகிறவர் 1,735 பவுண்டு சம்பாதிக்க 142 மணி நேரம் உழைக்க வேண்டும். வாரம் 40 மணி என்றால் மூன்றரை வாரம்! வரி பிடிக்கக் கூடாது. வீட்டு வாடகை கொடுக்கக் கூடாது. அடுப்பு மூட்டக் கூடாது. பஸ்ஸில் ஏறக் கூடாது. அப்படி வாழ முடிந்தால் மூன்றரை வாரத்தில் ஒருவர் குடிமகனாகலாம்.

குடும்பம் என்றாலோ? கணவன், மனைவி, பிறப்பால் குடியுரிமை பெறாத இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். 2025 பட்டியல்படி பெரியவர் இருவருக்கும் 3,470 பவுண்டு. பிள்ளைகளைப் பதிவு செய்யத் தலைக்கு 1,214 வீதம் 2,428. பெரியவர்கள் எழுத வேண்டிய 'பிரிட்டன் வாழ்க்கை' தேர்வுக்கு ஆளுக்கு 50 வீதம் 100. ஆக 5,998 பவுண்டு! ஒருவரின் முழுக் கூலியில் பன்னிரண்டு வாரத்துக்கு மேல். பாஸ்போர்ட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அது இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆங்கில அறிவுக்குத் தேர்வு, பத்திரங்களுக்கு மொழிபெயர்ப்பு, இதற்கெல்லாம் போட்ட லீவில் இழந்த கூலி என்று இன்னும் எத்தனையோ உண்டு.

அலுவலகம் நடத்தச் செலவாகாதா, மனுவைப் பரிசீலிக்க ஆள் வேண்டாமா என்று சர்க்காரின் வக்கீல்கள் வாதிடக் கூடும். ஆகட்டும், ஆகும் செலவை வாங்கட்டும்! அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆகும் செலவு எவ்வளவு? 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் அந்தக் குட்டு வெளிப்பட்டது. ஒரு குழந்தையைப் பதிவு செய்ய அப்போது வாங்கிய கட்டணம் 1,012 பவுண்டு. சர்க்காருக்கு உண்மையில் ஆன செலவு 372 பவுண்டு. மீதி 640? லாபம்! பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் ஒரு சர்க்கார் வைத்த லாபம்!

குழந்தைகளின் நலனைக் கருதாமல் நிர்ணயித்த கட்டணம் சட்டப்படி செல்லாது என்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2021-ல் அதே குறையைச் சுட்டியது. ஆனால் செலவுக்கு மேல் வாங்குவதே தவறு என்ற வாதத்தை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கூடுதலாக வாங்க 2014-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தில் பாராளுமன்றமே அனுமதி கொடுத்திருக்கிறது என்பதே காரணம். ஆக, குற்றம் குமாஸ்தாவிடம் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தில் உள்ள குற்றத்தைத் திருத்தும் இடம் பாராளுமன்றம். அங்கே மாற்றம் வரவேண்டுமானால் வெளியே மக்கள் குரல் எழ வேண்டும்.

குரல் எழுந்தால் பலன் உண்டா? உண்டு. வழக்குக்குப் பின், 2022 ஜூனில், கட்ட வழியில்லாத குழந்தைகளுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய விதி வந்தது. தானாக வந்ததா? இல்லை, போராடியதால் வந்தது! பெற்றோருக்கோ இன்னும் அந்தத் தள்ளுபடி கிடையாது. பிள்ளையின் வறுமை சர்க்காரின் கண்ணில் படுகிறது. அதே வீட்டில், அதே அடுப்படியில் இருக்கும் தாயின் வறுமை படவில்லை. இது என்ன கணக்கு?

அமெரிக்காவைப் பாருங்கள். முதலாளித்துவத்தின் கோட்டை அது. அங்கும் கட்டணம் உண்டு. 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி 760 டாலர். ஆனால் குறைந்த வருமானக் குடும்பத்துக்கு அது பாதியாக, 380 டாலராக, இறங்கும் என்று அந்த விதியே கூறிற்று. பரம ஏழைக்கு முழுத் தள்ளுபடிக்கும் இடம் வைத்தது. டாலர் தேசத்துக்குத் தெரிந்த தர்மம் பவுண்டு தேசத்துக்குத் தெரியாமற் போனதேன்?

"வரி கட்டுகிறவர்கள் தலையில் சுமையை ஏற்றலாமா?" என்பது அவர்களுடைய இன்னொரு வாதம். மனுச் செய்கிறவர் யார்? அவரும் வரி கட்டுகிறவர்தான்! சம்பளத்தில் வருமான வரி, தேசிய இன்ஷூரன்ஸ், கடையில் விற்பனை வரி, வீட்டுக்கு நகரசபை வரி. வேலை விசாவில் போனவருக்கு இவற்றோடு ஆஸ்பத்திரிச் சேவைக்கென்று ஆண்டுக்கு 1,035 பவுண்டு முன்பணமும் உண்டு. நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு 2025 பட்டியல்படி 3,029 பவுண்டு. இத்தனையும் கட்டியவனைப் பார்த்து, 'நீ மற்றவர்களுக்குச் சுமை' என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

"தங்கும் அனுமதிதான் இருக்கிறதே, குடியுரிமை எதற்கு? பணம் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்" என்று நம்மவர்களில் பலர் தள்ளிப்போடுகிறார்கள். காமன்வெல்த் நாட்டவர் என்பதால் இந்தியருக்கும் இலங்கையருக்கும் அங்கே ஓட்டுரிமை இருப்பது உண்மையே. ஆனால் ஓட்டு மட்டுமா குடியுரிமை? 'வெளியே போ' என்று எவரும் சொல்ல இயலாமல் ஊன்றி நிற்கும் தைரியமல்லவா அதன் சாரம்!

அந்தத் தைரியம் இல்லாதவர்களுக்கு நேர்ந்ததை உலகம் 2018-ல் பார்த்தது. 1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' என்ற கப்பல் மேற்கிந்தியத் தீவுகளின் உழைப்பாளிகளை ஏற்றிக்கொண்டு டில்பரி துறைமுகம் சேர்ந்தது. அதன் வழியே வந்தவர்கள் பஸ் ஓட்டினார்கள், ஆஸ்பத்திரிகளில் நர்சுகளாக உழைத்தார்கள், போரில் சிதைந்த நாட்டை எழுப்பினார்கள். தங்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. காட்டக் காகிதம் இல்லை. அரை நூற்றாண்டுக்குப் பின் 'காகிதம் எங்கே?' என்று கேட்டது சர்க்கார். வேலை போயிற்று, வீடு போயிற்று, வைத்தியம் மறுக்கப்பட்டது. குறைந்தது 83 பேர் தவறாக நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டதாகச் சர்க்காரே கணக்குக் கொடுத்தது. நாடே கொதித்து எழுந்தபின் என்ன செய்தார்கள்? அவர்களுக்குக் குடியுரிமைக் கட்டணத்தை ரத்து செய்தார்கள்! கஜானா காலியாகிவிட்டதா? இல்லையே! மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அதே 1948-ல்தான் இலங்கையில் பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக ரத்தம் சிந்திய மலையகத் தமிழர் நாடற்றவராயினர். 1949-ல் இன்னொரு சட்டம் மனுச் செய்யச் சொன்னது. இத்தனை ஆண்டு வசித்ததற்கு அத்தாட்சியும் நிலையான வருமானமும் காட்டச் சொன்னது. லயத்து அறையில் பிறந்து லயத்து அறையில் மடிந்தவனிடம் பத்திரம் ஏது? சுமார் எட்டு லட்சம் பேர் மனுச் செய்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களே ஏற்கப்பட்டார்கள். அத்தாட்சி என்றும் வருமானம் என்றும் ஏழையின் முன் வேலி போடுவது தமிழனுக்குப் புதிதல்ல. இன்று அந்த வேலிக்குக் கட்டணம் என்று பெயர்!

எனவே போராட்டம் வேண்டும். ஆனால் கட்டணம் குறையும் வரை உழைப்பாளி கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. அங்குள்ள தோழர்களுக்கும், அங்கே உறவினர் உள்ள இங்குள்ள தோழர்களுக்கும் சில நடைமுறை யோசனைகளைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நிரந்தர அனுமதி கிடைத்தபின் பொதுவாக ஓராண்டு காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் அந்தக் காலமே சேமிக்கும் காலம். மனு, தேர்வு, பாஸ்போர்ட், சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 2,100 பவுண்டு என்று கொண்டால் மாதம் 175 ஒதுக்க வேண்டும். முடியாதென்றால் இரண்டாண்டு முன்பே தொடங்குங்கள். மாதம் 88-க்குள் அடங்கும். கட்டணம் பெரும்பாலும் ஏப்ரலில்தான் ஏறுகிறது. தகுதி வந்துவிட்டால் அதற்கு முன்னரே மனுவைப் போடுங்கள். போடும் நாளில் பட்டியலில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனு நிராகரிக்கப்பட்டால் சடங்குக்கான 130 மட்டுமே திரும்பி வரும். மனுக் கட்டணம் போனது போனதுதான். ஆகவே பணம் கட்டுமுன் தகுதியைச் சரிபாருங்கள். ஐந்தாண்டில் 450 நாளுக்கு மேலும், கடைசி ஓராண்டில் 90 நாளுக்கு மேலும் வெளிநாட்டில் இருந்தால் சிக்கல் வரும். ஊர்த் திருவிழாவுக்கும் தங்கை கல்யாணத்துக்கும் வந்துபோன நாட்களைக் குறித்து வையுங்கள். சட்டவிரோதமாக நுழைந்தவர் என்று கருதப்படுபவரின் மனு, எத்தனை ஆண்டு கடந்திருந்தாலும், சாதாரணமாக நிராகரிக்கப்படும் என்று 2025 பிப்ரவரி 10-ந் தேதி அங்கே விதி செய்தார்கள். உயிருக்கு அஞ்சி எந்த வழியிலோ போய்ச் சேர்ந்த அகதித் தோழர்கள், தக்க சட்ட ஆலோசனை பெறாமல் ஒரு பென்ஸும் கட்ட வேண்டாம்.

65 வயது கடந்த பெற்றோருக்கு இரண்டு தேர்வுகளும் தேவையில்லை. தாய் தந்தையரில் ஒருவர் நிரந்தர அனுமதி பெற்றபின் அந்நாட்டில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே பிரிட்டிஷ் குடிமகன்; அதற்குப் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. குடியேற்ற ஆலோசனை சொல்ல அங்கே சட்டப்படி அதிகாரம் வேண்டும். அது இல்லாமல் 'நான் முடித்துத் தருகிறேன்' என்று கைநீட்டும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டாதீர்கள். 1,735 என்பது வட்டிக்காரன் கையில் 2,500 ஆகிவிடும். தொழிற்சங்கத்திலும் ஊர்ச் சங்கத்திலும் நம்பகமானவர்கள் பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் போட்டாலும் மாதம் ஒரு வீட்டின் கவலை தீரும்.

பிரிட்டனுக்கு வைக்கும் அளவுகோலை நம் நாட்டுக்கும் வைப்பதே நேர்மை. 1983-க்குப் பின் அகதிகளாக வந்த ஈழத் தமிழர்கள் தமிழகத்து முகாம்களில் பிள்ளை பெற்றுப் பேரனையும் கண்டுவிட்டார்கள். 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைச் சொல்லிற்று. இலங்கையின் பெயரைச் சொல்லவில்லை. அங்கே பணம் கதவை அடைக்கிறது. இங்கே சட்டம் அடைக்கிறது. இரண்டையும் கண்டிக்கிறோம்.

நம் கோரிக்கை எளியது. மனுவைப் பரிசீலிக்க ஆகும் செலவுக்கு மேல் ஒரு பென்ஸும் வாங்காதே! கட்ட முடியாத பெரியவருக்கும் தள்ளுபடி கொடு! நிராகரித்தால், செலவு போக மீதியைத் திருப்பிக் கொடு!

உழைப்பை வாங்கும்போது 'எந்த நாட்டவன்?' என்று கேட்காதவர்கள், உரிமை கேட்கும்போது மட்டும் பணப்பையைத் தடவிப் பார்க்கிறார்கள். வியர்வையால் ஏற்கெனவே விலை கொடுத்தவனிடம் மறுபடியும் விலை கேட்பதற்குப் பெயர் நிர்வாகம் அல்ல, கொள்ளை! அதை எதிர்த்துக் குரல் எழுப்புவோம். குரல் வெல்லும் வரை நம் குடும்பங்கள் ஏமாறாமல் இருக்கக் கணக்கும் கற்றுக்கொடுப்போம்.