பழைய பெயரும் புதிய வண்டியும்

விரைவே மோட்டார் சைக்கிளின் பெருமை என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணத்துக்கு நேர்மாறாக, மெதுவாகச் செல்வதையே ஒரு கலையாக வளர்த்த விளையாட்டொன்று பிரிட்டனில் உண்டு. டிரையல்ஸ் என்பது அதன் பெயர். பாறையும் சேறும் ஓடையும் செங்குத்தான சரிவும் நிறைந்த நிலத்தில் சிறு சிறு பகுதிகளைக் கயிறு கட்டியோ அடையாளம் நட்டோ குறித்து வைப்பர். ஓட்டுநர் தம் கால் நிலத்தில் படாமல் ஒவ்வொரு பகுதியையும் கடந்தாக வேண்டும். ஒருமுறை காலூன்றினால் ஒரு புள்ளி இழப்பு. ஏறவியலாமல் தோற்று நின்றாலோ ஐந்து புள்ளி இழப்பு. யார் குறைவாக இழக்கின்றாரோ அவரே வென்றவர். முந்திச் செல்வதற்கு ஈண்டு இடமில்லை. முந்திச் சிந்திப்பதற்கே இடமுண்டு.

இவ்விளையாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற ஆறு நாள் போட்டியின் தொடக்கம் 1909ஆம் ஆண்டைச் சார்ந்தது. யார்க்‌ஷயர் மேட்டு நிலத்தில் நடைபெறும் ஸ்காட் போட்டியோ, ஸ்காட் மோட்டார் சைக்கிளை உருவாக்கிய ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட் தம் தொழிலாளர்க்கு விடுத்த அறைகூவலாக 1914இல் பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஏரியல், ஏ.ஜே.எஸ்., ராயல் என்ஃபீல்டு, பி.எஸ்.ஏ., டிரயம்ஃப், கிரீவ்ஸ் முதலிய பிரிட்டிஷ் வண்டிகள் இக்களத்தை ஆண்டன. 1961ஆம் ஆண்டின் ஆறு நாள் போட்டியில் கார்டன் ஜாக்சன், 350 சிசி ஏ.ஜே.எஸ். வண்டியில் ஏறி, ஆறு நாட்களிலும் சேர்த்து ஒரே ஒரு புள்ளியை மட்டுமே இழந்தார். ஒரே ஒருமுறை ஊன்றிய அக்காலைப் பற்றி அவ்விளையாட்டு உலகம் இன்றளவும் பேசிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பொற்காலம் முடிந்த கதையும் தெளிவானதே. பெல்ஃபாஸ்டில் பிறந்த சாமி மில்லர் 1962, 1964 ஆகிய ஆண்டுகளில் 500 சிசி ஏரியல் வண்டியில் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியை வென்றவர். 1964இன் இறுதியில் அவர் ஸ்பெயின் நாட்டு புல்டாக்கோ நிறுவனத்தில் சேர்ந்து, 244 சிசி எஞ்சினும் நூறு கிலோகிராமுக்கும் குறைவான எடையும் கொண்ட புதிய வண்டியை உருவாக்கத் துணைநின்றார். 1965இல் அவ்வண்டியிலேயே மீண்டும் வாகை சூடினார். கனத்த பிரிட்டிஷ் வண்டிகளின் ஆட்சி அத்துடன் சரிந்தது. புதியவற்றோடு போட்டியிட இயலாமல் கொட்டகைகளில் முடங்கிய அப்பழைய வண்டிகளுக்கு வாழ்வளிக்கவே, 1965க்கு முற்பட்டவற்றுக்கெனத் தனிப்பிரிவுகள் பின்னாளில் தோன்றின. 1984 முதல் ஸ்காட்லாந்தின் கின்லாக்லெவன் சிற்றூரில் அவற்றுக்கெனத் தனிப்போட்டியே நடைபெறலாயிற்று. முதியோர்க்கு நிழல் தர நட்ட மரம் அது.

அம்மரத்தின் நிழலில் இன்று அமர்ந்திருப்போர் யாவர் என்பதே கேள்வி.

பெட்ரோல் தொட்டியில் பழம்பெயர் மின்னுகிறது. ஆனால் அதனடியில் உள்ள சட்டகம் அண்மையில் புதுக்குழாய் கொண்டு புதுக்கோணத்தில் பற்றவைக்கப்பட்டது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் வெளித்தோற்றம் பழையது, உள்ளுறுப்பெல்லாம் இக்காலத்தவை. எஞ்சினின் மேலுறை பழைய வார்ப்பைப் பார்த்து இலேசான உலோகத்தில் புதிதாக வார்க்கப்பட்டது. சக்கரத்தின் நடுவுறுப்பு, கார்புரேட்டர், தீப்பொறி தரும் மின்னணுக் கருவி ஆகிய யாவும் புதியவை. 1965க்கு முன் அவ்வண்டி பிறந்திருக்கவே முடியாது, ஆயினும் அது 1965க்கு முற்பட்டது என்ற பிரிவில் ஓடுகிறது, பரிசும் பெறுகிறது. உண்மையான பழைய வண்டியை உரிய பழுதுபார்ப்போடு கொண்டுவந்த எளிய மனிதர் பட்டியலின் அடியில் நின்று வியக்கிறார். அடுத்த ஆண்டு அவர் வருவதில்லை. பழமையைக் காக்கத் தோன்றிய பிரிவு, பழமையைக் காத்தவரையே வெளியேற்றும் முரண் இதுதான்.

இதனைக் கண்டித்தால் மறுமொழி ஒன்று உடனே வரும். "சாமி மில்லரே தம் ஏரியலை மாற்றியமைத்தவர் அல்லரோ?" என்பர். உண்மை, மறுக்கவியலாது. ஜி.ஓ.வி. 132 என்ற பதிவெண்ணால் உலகறிந்த அவ்வண்டியில் தொழிற்சாலை தந்தபடியே இருந்தவை சிலவே. ஆண்டுக்காண்டு அவர் எடையைக் குறைத்தார், சட்டகத்தை மாற்றினார், கண்ணாடி இழைத் தொட்டியைப் பொருத்தினார். மாற்றியமைத்தல் இவ்விளையாட்டின் பிறவிக்குணம் என்பதும் மெய்யே.

ஆனால் அந்த மாற்றங்கள் எவ்வாறு பிறந்தன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மில்லர் ஞாயிற்றுக்கிழமை பாறையில் தோற்ற இடத்தைத் திங்கட்கிழமை பட்டறையில் ஆராய்ந்தார். தமக்கு எழுந்த வினாவுக்குத் தாமே விடை கண்டார். தம் காலத்து வண்டிகளோடு, தம் காலத்துப் பொருள்களைக் கொண்டு, எல்லாரும் அறியப் போட்டியிட்டார். இன்று நடப்பதோ வேறு. முடிந்த விடையைப் பணம் கொடுத்து வாங்கி, வினாவையே அறியாதவர் அதன்மேல் ஏறி அமர்கின்றார். பழைய வண்டிகளுக்கென ஒதுக்கிய இடத்தில் அவற்றையே வெல்வதற்கு அதனைப் பயன்படுத்துகின்றார். தேர்வில் சிந்தித்து எழுதிய மாணவனும் விடைத்தாளை விலைக்கு வாங்கிய மாணவனும் ஒரே விடையை எழுதியிருக்கலாம், இருவரும் ஒன்றாவரோ?

வேறு சிலர் பாதுகாப்பை முன்னிறுத்துவர். வெடிப்பு விழுந்த சட்டகத்தைப் பற்றவைப்பதையும், தேய்ந்த பிரேக்குக்குப் புதிய பட்டை இடுவதையும் யாரும் குறை கூறவில்லை. உதிரிப்பாகம் கிடைக்கவில்லையெனில் பழைய அளவில் புதிதாகச் செய்து கொள்வதும் பழுதுபார்ப்பே. ஆயின் நடைவேகத்தில் நிகழும் விளையாட்டில், ஃபோர்க்கின் உள்ளே யாரும் அறியாமல் ஒளித்துவைத்த புதுக்கருவி எவருடைய உயிரைக் காக்கிறது? அது காப்பது புள்ளியையே.

இன்னும் சிலரோ, பழைய வண்டி கனமானது, நீளமானது, திருப்பத்துக்கு வளையாதது என்பர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! அக்குறைகளே ஓட்டுநரின் ஆசான்கள். வளையாத வண்டியை வைத்திருப்பவர் பகுதிக்குள் நுழையுமுன் நடந்து சென்று, எந்தக் கல்லை இடப்பக்கம் விடுவது, எந்த வேரின்மேல் சக்கரத்தை வைப்பது என்று கணித்தாக வேண்டும். எஞ்சினுள் சுழலும் கனத்த சக்கரம் மெல்ல மெல்லத் துடித்து, காற்றழுத்தம் குறைத்த டயரின் பிடிப்பால் ஈரப்பாறையில் வண்டியை ஏற்றிவிடும். கைப்பிடியருகே உள்ள சிறு நெம்பைத் தள்ளித் தீப்பொறியின் நேரத்தைத் தாமதப்படுத்தினால் எஞ்சின் இன்னும் அமைதியாக இழுக்கும். அவசரப்பட்டு முறுக்கினால் சக்கரம் வழுக்கும். பொறுமை கற்பிக்கும் இப்பாடத்தை நீக்கிவிட்டால் பழைய வண்டியில் எஞ்சுவது வண்ணப்பூச்சு மட்டுமே.

ஏடு பெயர்த்து எழுதிய முன்னோரின் பணியை அறிந்தவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். செல்லரித்த எழுத்தை அறிந்து நிரப்பியவர் நூலைக் காத்தவர். தாமே பாடிய செய்யுளைப் புலவர் பெயரில் நுழைத்தவர் இடைச்செருகல் செய்தவர். இருவர் கையிலும் இருந்தது ஒரே எழுத்தாணிதான். பட்டறையிலும் அவ்வாறே, ஸ்பேனர் ஒன்றுதான், செயல் இரண்டு.

குற்றம் வண்டி வைத்திருப்போரை மட்டுமே சாருமோ? சாராது. போட்டிப் பகுதிகளை அமைப்போர்க்கும் அதில் பங்குண்டு. இலேசான வண்டிகள் எளிதில் கடந்துவிடுகின்றன என்று கண்டு, அடுத்த முறை அவர்கள் திருப்பங்களைக் குறுக்குகின்றனர், படிப்பாறைகளை உயர்த்துகின்றனர். மாற்றாத வண்டி அங்கே திரும்பவும் இயலாது, ஏறவும் இயலாது. எனவே மாற்றாதவரும் மாற்றத் தொடங்குகின்றனர். அதனைக் கண்டு பகுதிகள் மேலும் கடுமையாகின்றன. நாய் தன் வாலைத் துரத்துவது போன்ற இச்சுற்றுக்கு முடிவு காண வேண்டியவர்கள் அமைப்பாளர்களே. வழுக்கும் சேறும் நீண்ட ஏற்றமும் அகன்ற திருப்பமும் ஓட்டுநரின் திறனைச் சோதிக்கப் போதுமானவை. வண்டியின் விலையைச் சோதிக்க வேண்டியதில்லை.

இதற்கு எதிர்முனையில் மற்றொரு கூட்டம் உண்டு. பழைய வண்டியைத் துடைத்து மெருகிட்டு வரவேற்பறையில் நிறுத்தி, சேற்றில் இறக்குவதே பாவம் என்று கருதுவோர் அவர்கள். அவர்களும் பழமையைக் காப்பவர் அல்லர். ஓடாத வண்டியில் பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் துளைகளை அடைக்கும். எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் வளையங்கள் உலர்ந்து வெடிக்கும். மாக்னெட்டோவின் சுருளில் ஈரம் ஏறும். பாறை ஏறப் பிறந்ததைப் பொம்மையாக்குவது அதனைப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும்.

ஓட்டிக் காப்பதே காப்பு. அது எளிய பணியன்று. ஓடை கடந்த பின் பிரேக்கினுள் புகுந்த நீரையும் சேற்றையும் நீக்க வேண்டும்; நீரை விசையோடு பீய்ச்சிக் கழுவினால் சக்கரத்தின் பேரிங்குகளுக்குள் நீர் ஏறும் என்பதறிந்து மென்மையாகக் கழுவ வேண்டும். ஆரக்கம்பிகளை விரலால் தட்டி ஒலி கேட்டுத் தளர்ச்சி அறிய வேண்டும். பழைய விட்வொர்த் மரைகளுக்கு அவற்றுக்குரிய ஸ்பேனரையே எடுக்க வேண்டும். இக்கால அளவினதைத் திணித்தால் மரையாணியின் முனை மழுங்கும். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் வழக்கமான பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது பழைய கண்ணாடி இழைத் தொட்டிகளையும் இரப்பர்க் குழாய்களையும் அரிக்க வல்லது. ஆதலின் உட்பூச்சு இடுவதும், தகுந்த குழாய் மாற்றுவதும் இன்றியமையாதனவாயின. இவையும் மாற்றங்களே, ஆனால் வண்டி தானாகவே நீடிப்பதற்கு உதவும் மாற்றங்கள்.

தமிழ்மண்ணோடு தொடர்புடைய சான்று ஒன்றும் இவ்வழக்கில் உண்டு. 1948இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் பின்சக்கரத்துக்கும் அதிர்வு தாங்கி பொருத்திய புல்லட் மாதிரிகளை டிரையல்ஸ் களத்தில் இறக்கியது. பின்பகுதி விறைப்பாக இருந்தால்தான் பிடிப்பு உண்டு என்று அக்காலத்தில் நம்பியோர் பலர். ஜானி பிரிட்டன் 1952, 1957 ஆகிய ஆண்டுகளில் 350 சிசி புல்லட்டில் ஆறு நாள் போட்டியை வென்று அந்நம்பிக்கை பிழையென மெய்ப்பித்தார். துணிந்து செய்த மாற்றம், வெளிப்படையாக நின்று வென்றது.

அதே புல்லட் 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் வழியாகச் சென்னைத் திருவொற்றியூர் சேர்ந்தது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி நின்றபின்னும் சென்னையில் நிற்கவில்லை. தாய்மண்ணில் அற்றுப்போன உறுப்புகளைச் சென்னைத் தொழிலாளர் கைகள் வார்த்துக்கொண்டேயிருந்தன. சென்னை உறுப்பைப் பொருத்திய பழைய புல்லட்டைப் போலி என்று இகழ்வது பேதைமை. அது ஒரே மரபின் தொடர்ச்சி. 2019இல் அந்நிறுவனம் பிரிட்டனின் வெற்றிகளை நினைவூட்டி, புல்லட் டிரையல்ஸ் என்ற பெயரில் புதிய வண்டிகளை இந்தியச் சந்தையில் வெளியிட்டது. அவை தம்மைப் பழையவை என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆதலின் அவற்றில் பொய்யும் இல்லை. ஆனால் எண்பதுகளில் திருவொற்றியூரில் பிறந்த வண்டியை ஐம்பதுகளில் இங்கிலாந்தில் பிறந்ததாகக் காட்டி ஒருவர் போட்டியில் இறக்கினால், அவர் இரண்டு தொழிலாளர் கூட்டத்தையும் ஒருங்கே அவமதிக்கின்றார். முன்னவரின் பெயரைத் திருடுகின்றார். பின்னவரின் உழைப்பை மறைக்கின்றார்.

ஆகவே அளவுகோல் கடினமானதன்று. செய்த மாற்றம் அக்காலத்துப் பட்டறையில், அக்காலத்துப் பொருளால் செய்திருக்கக் கூடியதா? செய்தவர் அதனை நுழைவுத்தாளில் தம் கைப்பட எழுதித் தருவாரா? இரண்டுக்கும் ஆம் என்று விடை வருமெனில் அவ்வண்டி பழைய பிரிவில் பெருமையோடு ஓடட்டும். முதல் வினாவுக்கு இல்லையெனில், மாற்றிய வண்டிகளுக்கென வேறொரு பிரிவு அமைத்து அங்கே ஓடட்டும். அங்கும் திறமைக்குக் கைதட்டல் உண்டு. இரண்டாம் வினாவுக்கு இல்லையெனில் அவர் எந்தப் பிரிவிலும் ஓடவேண்டியதில்லை.

தம் வண்டியைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள உரிமை இல்லையா என்று கேட்போர் உளர். தம் தோட்டத்தில் ஓட்டுமளவும் அவ்வுரிமை முழுமையானது. பொதுக்களத்தில் பெயர் கொடுத்த கணமே, அருகில் நிற்பவருக்கும் அதில் பங்கு வந்துவிடுகிறது. அவர் ஓய்வூதியத்தில் சேமித்து, தந்தை விட்டுச்சென்ற பழைய வண்டியைத் தம் கையால் சீர்செய்து கொண்டுவந்தவராக இருக்கலாம். அவர் பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பேரனும் நிற்கலாம். அச்சிறுவன் அன்று மாலை வீட்டுக்கு எதனைக் கற்றுச் செல்கிறான்? பொறுமையோடு பழுதுபார்த்தவர் மதிக்கப்படுவார் என்பதையா, மறைத்து வாங்கியவரே மதிக்கப்படுவார் என்பதையா?

கின்லாக்லெவன் பாறைகள் எந்தப் பெயரையும் படிப்பதில்லை. தம்மேல் ஏறும் சக்கரத்தையே அறியும். பெயரைப் படித்து மெய்யறிந்து மதிப்பிட வேண்டிய கடமை மனிதர்க்கே உரியது. அக்கடமையைப் பரிசுக்காக விட்டுக்கொடுப்போர், பழைய வண்டிகளை இரண்டாம் முறையும் கொட்டகைக்கு அனுப்புகின்றனர். முதன்முறை அவற்றை வென்றது புதுமை, அதில் இழுக்கில்லை. இரண்டாம் முறை வெல்வது பொய். அதனை வெல்ல விடலாகாது.