பட்டறைக் கணக்கில் பெண்ணின் பெயர்: மாமல்லபுரம் குடும்பத் தொழில்கள் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

மாமல்லபுரத்தின் கல்சிற்பத் தொழில் பெரும்பாலும் குடும்பத் தொழிலாகவே நடக்கிறது. ஐந்து ரதச் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்திலும் உள்ள பட்டறைகள் பலவற்றில் உளி பிடிப்பவர்கள் தகப்பன், மகன், மருமகன், சொந்தக்காரப் பையன்கள். வீட்டுப் பெண்கள் சிறு சிலைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள், கடையில் இருந்து விற்கிறார்கள், கூலிக் கணக்கும் கடன் தவணையும் ஆட்களின் சாப்பாடும் பார்க்கிறார்கள். இத்தனையும் வீட்டு வேலையோடு வேலையாகப் போய்விடுகிறது. பெயர்ப் பலகையும் வாடகை ஒப்பந்தமும் கைவினைஞர் அடையாள அட்டையும் பொதுவாக ஆண் பெயரில்தான். குடும்பப் பட்டறை என்ற முறை நிலைக்க வேண்டும். அதில் உழைக்கும் பெண் தொழிலாளியாகவும் பங்குதாரராகவும் எழுத்தில் பதிவாக வேண்டும். இதுவே இந்த அமைப்பின் நிலைப்பாடு.

இதற்கு முதலில் வரும் மறுப்பு பரம்பரை வழக்கம். பல்லவர் காலக் குடைவரைகளும் இன்றைய பட்டறைகளும் அறுபடாத ஒரே சங்கிலி என்பது சுற்றுலாப் பயணிக்குச் சொல்ல நன்றாக இருக்கும். உண்மையில், இன்றுள்ள பட்டறைகளில் பல 1957இல் இங்கே அரசு சிற்பக் கல்லூரி தொடங்கிய பின் வளர்ந்தவை. கல்லூரியின் முதல் தலைவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பின் அவர் மகன் கணபதி ஸ்தபதி நெடுங்காலம் பொறுப்பில் இருந்தார். கன்னியாகுமரியின் 133 அடித் திருவள்ளுவர் சிலை அவர் வடிவமைத்தது. தலைமை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போன அதே கல்லூரிதான் சிற்ப சாஸ்திரத்தைக் குலத்துக்கு வெளியே வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. பிற குலத்து மாணவர் படித்ததால் மரபு கெடவில்லை. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பம் புவிசார் குறியீடும் பெற்றது. ஸ்தபதி வீட்டு மகள் படித்தால் மட்டும் எப்படிக் கெடும்?

கல் வேலை பெண்ணின் உடம்புக்கு ஆகாது என்பது அடுத்த மறுப்பு. கருங்கல்லை உளியால் மட்டும் பிளந்த காலத்தில் இதற்கு ஓரளவு பொருள் இருந்தது. இப்போது கட்டரும் கிரைண்டரும் இல்லாத பட்டறை அரிது. அவை கிளப்பும் தூசு நுரையீரலை அரிக்கும் சிலிக்கோசிஸ் நோயைத் தருவது. ஆண், பெண் என்று பார்க்காதது. முகக்கவசமும் தண்ணீர் விட்டு அறுக்கும் முறையும் எல்லோருக்கும் வேண்டும். பெண் சிலை செதுக்கக் கோயில் நெறியான ஆகமம் இடம் தராது என்ற மறுப்பும் உண்டு. ஆனால் பட்டறைகளில் செதுக்கப்படுவதில் தோட்டத்துக்கும் ஓட்டலுக்கும் போகிற சிலைகள் ஏராளம். அவற்றுக்கு ஆகமம் குறுக்கே வராது. கோயிலிலேயே நிலைமை மாறி வருகிறது: தமிழக அரசின் அர்ச்சகர் பயிற்சியை 2023இல் மூன்று பெண்கள் முடித்தார்கள்.

சொத்துரிமையில் சட்டம் முன்னே போய்விட்டது, வழக்கம் பின்தங்கி நிற்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தரும் திருத்தம் தமிழகத்தில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே மணமான பெண்களுக்கு அதில் இடமில்லை. நாடு முழுவதற்குமான 2005 திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. அந்த உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. நடப்பில் இவ்வளவையும், பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒரு விடுதலைப் பத்திரம் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. சீர் செய்தாயிற்று, அண்ணன் தம்பி உறவு வேண்டுமல்லவா என்று சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். கல்யாணச் சீர் சொத்துப் பங்குக்கு ஈடாகாது. சகோதரி விட்டுக்கொடுப்பதானால், பங்கின் மதிப்பு தெரிந்து, தன் வழக்கறிஞரைக் கேட்டு, தானாகச் செய்ய வேண்டும்.

அரசுத் திட்டங்களும் இதில் குற்றமற்றவை அல்ல. 2023இல் மத்திய அரசு கைவினைஞர்களுக்காகத் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டம் குடும்பத்தில் ஒருவருக்கே பயன் தருகிறது; கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் சேர்ந்தது அதன் கணக்கில் ஒரு குடும்பம். அந்த ஒருவர் யார் என்று எந்த வீட்டிலும் ஓட்டெடுப்பு நடப்பதில்லை. குலத்தொழிலை வலியுறுத்துகிறது என்று அத்திட்டத்தை ஏற்காத தமிழக அரசு, 2025இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. குலத்தைக் கேட்காதது சரியான முடிவு. அதே தெளிவோடு, ஒரே பட்டறையில் உழைக்கும் மனைவியையும் மகளையும் தனித்தனிக் கைவினைஞராக ஏற்க வேண்டும்.

தேவனேரி, கொக்கிலமேடு, கோவளம் போன்ற மீனவர் குப்பங்களில் கதை சற்று வேறு. கடலுக்குப் போவது ஆண். கரையேறிய மீனை விற்றுக் காசாக்குவதில் பெண்ணின் கை ஓங்கியது. மீனவ மகளிருக்கெனத் தனிச் சேமிப்பு நிவாரணத் திட்டமே உண்டு. பெண்ணைத் தனித் தொழிலாளியாக எண்ணுவது அரசுக்கு முடியாத காரியமல்ல என்பதற்கு இதுவே சான்று. ஆயினும் படகு ஆண் பெயரில், ஊர்ப் பஞ்சாயத்து ஆண்கள் கையில் என்ற நிலை அங்கும் பரவலாக இருக்கிறது.

செங்கல்பட்டு மாவட்டத் தொழில் மையம் பட்டறைதோறும் வேலை செய்யும் பெண்களைக் கணக்கெடுத்து அடையாள அட்டைக்குப் பரிந்துரைக்க வேண்டும். புவிசார் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனர்களாகவும் அவர்களைப் பதிய வேண்டும். பட்டறை உரிமையாளர்கள் அரசுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை: வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதே மனைவி, மகள் பெயரையும் சேர்த்து எழுதுமாறு இந்த அமைப்பு கேட்டுக்கொள்கிறது.